உயிர் எலிக்குப் பழகிய பால் பைத்தான் குட்டி ஐஸ் விட்ட எலிக்கு மாறிய கதை: 62 நாள் நிகழ்வு ஆய்வு

குட்டிக்கு வயது நான்கு மாதம், எடை 118 கிராம். விற்றவர் கொடுத்த சீட்டில் "உயிருள்ள சுண்டெலிக் குட்டி, வாரம் ஒன்று, தவறாமல் தின்கிறது" என்று எழுதியிருந்தது. புது வீட்டுக்கு வந்த ஒன்பது நாளில் ஐந்து முறை ஐஸ் விட்ட எலியை (கொன்று உறைய வைத்ததை, ஐஸ் கரையவிட்டு எடுத்தது) நீட்டிப் பார்த்தாயிற்று. ஐந்து முறையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தாம் நாள் தராசில் 111 கிராம்.

இது ஒரே வீட்டின் நாட்குறிப்பு அல்ல. அமெரிக்காவில் இந்தப் பாம்பை வளர்ப்பவர்களிடம் அடிக்கடி எழும் ஒரு சிக்கலை, புரிவதற்கு வசதியாக ஒரே குட்டியின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறோம். எடைகளும் நாட்களும் மாதிரிக் கணக்கு. முறைகளும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'பால் பைத்தான்' என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் புற்றில் ஊற்றும் பால்தான் நினைவுக்கு வரும். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எந்தப் பாம்புக்கும் பால் உணவும் இல்லை. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாக (ஆங்கிலத்தில் ball) சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர் அது. பிரிட்டனில் ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. இந்தியாவில் உள்ளூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், முட்டையிலிருந்தே வளர்ப்பில் வந்த பாம்புக்கு.

ஏன் திரும்பிக்கொள்கிறது

"செத்ததைத் தின்ன மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது" என்பார்கள். பாம்புக்கு அடம் கிடையாது. அதன் முன்னால் நீட்டப்பட்டது இரை என்றே அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இருட்டில் ஒரு பால் பைத்தான் மூன்று வழிகளில் இரையை அறிகிறது. முதலாவது வாசனை: நாக்கு காற்றிலிருந்து எடுத்து வரும் துகள்களை அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு படிக்கும். இரண்டாவது வெப்பம்: மேலுதட்டு ஓரத்தில் வரிசையாக உள்ள குழிகள், சுற்றியுள்ள காற்றைவிடச் சூடான உடலைக் கண்டுகொள்ளும். மூன்றாவது அசைவு. உயிருள்ள எலியிடம் மூன்றும் சேர்ந்தே வரும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த எலியிடம் வாசனை மட்டும் பாதி இருக்கும், அதுவும் ஈரமாக இருந்தால் மங்கிப்போகும். 22 டிகிரி அறையில் 22 டிகிரி எலி, உதட்டுக் குழிகளைப் பொறுத்தவரை ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டை திடீரென்று முகத்துக்கு நேரே வந்தால் குட்டி அதை எதிரி என்றே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. தென்கிழக்கு நைஜீரியக் காடுகளில் இந்த இனத்தை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வொன்றில், 70 செ.மீ.க்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் சிறு பறவைகளையே தின்றிருந்தன, எலி வகைகள் பெரிய பாம்புகளின் வயிற்றில்தான் அதிகம். வெள்ளைச் சுண்டெலியைக் கண்டதும் பாய வேண்டும் என்பது குட்டிக்குப் பிறவியிலேயே எழுதி வைத்த சட்டமல்ல. முதல் சில வேளைகளில் எது கிடைத்ததோ அதுவே பழக்கமாகிவிடுகிறது.

ஒன்பது நாளில் நடந்த தவறுகள்

கூடு 75 செ.மீ. நீளக் கண்ணாடித் தொட்டி. நாலு பக்கமும் திறந்த வெளி, நடுவே ஒரே ஒரு பெரிய மரப்பட்டைக் குகை. மேலே இரவும் பகலும் எரியும் சிவப்பு விளக்கு. விளக்கின் அடியில் தரை 38 டிகிரி, மறுகோடியில் 21. ஈரப்பதம் 35 சதவீதம். வந்த மூன்றாம் நாளே கையில் எடுத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். நீட்டிய எலியோ 28 கிராம், வளர்ந்த சுண்டெலி. குட்டியின் எடையில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. பகலில், விளக்கு வெளிச்சத்தில், மேலிருந்து தொங்கவிட்டு நீட்டினார்கள்.

ஒவ்வொன்றும் தனியாகவே பட்டினி போட வைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது ஐந்து முறை நீட்டியதுதான். தின்னவில்லையே என்ற பதற்றத்தில் இரண்டு நாளுக்கொரு முறை முயன்றால், இடுக்கியும் எலியும் சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டும் என்பதைத்தான் பாம்பு கற்றுக்கொள்ளும். 118 கிராம் குட்டி மூன்று நான்கு வாரம் தின்னாமல் இருந்தாலும் தாங்கும். அந்த அவகாசத்தை முயற்சிகளால் நிரப்பக் கூடாது.

பத்தாம் நாளே ஒரு சீட்டில் 106 என்று எழுதிக் கூட்டின் மூடியில் ஒட்டியாயிற்று. தொடக்க எடையிலிருந்து பத்து சதவீதம் இழந்தால் வரும் எண் அது. அதைத் தொட்டால் வீட்டு வைத்தியம் நிற்கும், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, வாய் ஓரத்தில் சீழ், தின்றதைக் கக்குவது, வயிற்றின் நடுவில் வீக்கம், முதுகெலும்பு கூரையாகத் துருத்துவது ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் எடையைப் பார்க்காமலே போகலாம். செதில் இடுக்கிலும் கண்ணைச் சுற்றியும் மிளகுத்தூள் போன்ற உண்ணி இருக்கிறதா என்றும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் குட்டியிடம் எதுவும் இல்லை.

கூட்டைச் சரிசெய்தல்: 10ஆம் நாள் முதல் 17ஆம் நாள் வரை

குட்டியைச் சுமார் ஆறு லிட்டர் கொள்ளும், மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினார்கள். பக்கங்களில் சூடான கம்பியால் போட்ட காற்றுத் துளைகள். ஒரு பக்கத்து அடியில் ஹீட் மேட் என்னும் சூடேற்றும் விரிப்பு, அதன் உணரி வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில். சூடான பக்கத் தரை 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26. ஈரப்பதம் 60 சதவீதம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு மறைவிடங்கள். மறைவிடம் சின்னதாக இருக்க வேண்டும்: சுருண்டு படுத்தால் முதுகும் விலாவும் சுவரைத் தொட வேண்டும், வாசல் ஒன்றே. கவிழ்த்துப்போட்டு விளிம்பில் வழி வெட்டிய பிளாஸ்டிக் கிண்ணம் போதும். பெரிய குகை மனிதக் கண்ணுக்கு அழகு, குட்டிக்கு அது வெட்டவெளி.

காலம் முழுக்கப் பெட்டியில் வைத்திருப்பது சரியா என்று ஒரு சண்டை இந்த வட்டாரத்தில் ஓயாமல் நடக்கிறது. அந்தச் சண்டைக்குள் போகாமல் சொன்னால், தின்னத் தொடங்கும் வரை சிறிய பெட்டி, பிறகு நெருக்கமான இலை, கிளை, மறைவிடங்களோடு பெரிய கூடு.

சிவப்பு விளக்கு போயிற்று. இரவு என்றால் இருட்டு. ஏழு நாள் தண்ணீர் மாற்றுவதைத் தவிரக் கை உள்ளே போகவில்லை. 17ஆம் நாள் 110 கிராம். ஒரு வாரத்தில் ஒரே ஒரு கிராம் இழப்பு. அமைதியாகிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

எலியைத் தயார் செய்தல்

பாதித் தோல்விகள் சமையலறை மேடையில்தான் நடக்கின்றன. முதலில் இந்தத் தயாரிப்பைச் சமையலறை மேடையிலிருந்து நகர்த்த வேண்டும். உறைய வைப்பதால் சால்மொனெல்லா சாவதில்லை. 2010இல் அமெரிக்காவில், பாம்புக்கு இரையாக விற்ற உறைந்த எலிகளோடு தொடர்புடைய நோய்ப்பரவல் நடந்து அவை திரும்பப் பெறப்பட்டன. தனிப் பாத்திரம், தனி இடுக்கி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

அளவு பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம். 110 கிராமுக்கு 11 முதல் 16 கிராம் வரை. முதல் முயற்சிக்கு அதன் கீழ் எல்லைக்கும் சற்றுக் குறைவாக, 10 கிராம் ஹாப்பர் எடுத்தார்கள். கண் திறந்து ரோமம் முளைத்து, துள்ளத் தொடங்கும் பருவத்துச் சுண்டெலிக்கு அந்தப் பெயர். பார்வைக்கு, பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு இரைக்கும் இருக்கலாம், அதைத் தாண்டக் கூடாது.

முந்தின நாள் இரவு ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிப் பூட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வைக்கவும். மறுநாள் மாலை அது மெத்தென்று இருக்கும். மறந்துவிட்டால் அதே பையைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போட்டாலும் ஐஸ் விடும். பிறகு விரலால் வயிற்றையும் விலாவையும் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வெளியே பஞ்சு மாதிரி இருந்தாலும் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டி தட்டுப்படும், அது ஐஸ். அப்படியே விழுங்கினால் வயிற்றுக்குள் செரிமானம் நின்று, இரண்டு மூன்று நாளில் நாற்றத்தோடு கக்கும்.

கெட்டி எதுவும் இல்லை என்று உறுதியானதும், நீட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பையோடு 50 டிகிரி வெந்நீரில் வைக்கவும். கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு அது. கொதிநீர் ஊற்றினால் வயிற்றுத் தோல் வெந்து, பாம்பு கவ்வும்போது கிழிந்து குடல் வெளியே வரும். மைக்ரோவேவ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் ஐஸாகவே இருக்கும். மணிக்கணக்கில் வெளியில் கிடந்த எலி, வயிறு பச்சையாகி உப்பியிருந்தால் குப்பைக்கு. ஒருமுறை ஐஸ் விட்டதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

வெளியே எடுத்ததும் காகிதத்தால் ஒற்றி, ரோமம் எழும்பி நிற்கும்வரை உலர்த்த வேண்டும். கடைசியில் தலைக்கு மட்டும் ஹேர் டிரையரால் இருபது விநாடி. அகச்சிவப்பு வெப்பமானியில் உடல் 36, தலை 39 அல்லது 40 டிகிரி காட்ட வேண்டும். தலை ஏன் கூடுதலாக? பாம்பு எங்கே கவ்வ வேண்டும் என்பதை வெப்பமே சுட்டிக்காட்டும். தலையில் கவ்வினால் தலையிலிருந்தே விழுங்கும், கால்கள் மடங்கிக்கொள்ளும், சிக்காது. உடல் ஆற ஐந்து நிமிடம் போதும், அதனால் இதெல்லாம் கூட்டுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

17ஆம் நாள்: தோல்வி

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, 30 செ.மீ. இடுக்கியால் நீட்டினார்கள். குட்டி வாசலுக்கு வந்தது, நாக்கு மெதுவாக நீண்டு நீண்டு போயிற்று. அதுவே பெரிய முன்னேற்றம். அப்போது இடுக்கி பிடித்தவர் எலியின் மூக்கால் பாம்பின் மூக்கைத் தொட்டுவிட்டார். தலை உள்ளே போயிற்று, கழுத்து இறுகியது. அதற்கு மேல் நீட்டாமல், எலியை மறைவிட வாசலில் ஒரு அட்டைத் துண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் தொடாமல் கிடந்தது. எடுத்து எறிந்தாயிற்று. அடுத்த முயற்சி ஆறு நாள் கழித்து.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது: விற்றவரிடம் கேட்டார்கள். என்ன நிற எலி, எந்த நேரம், எதில் வைத்துக் கொடுத்தீர்கள்? பழுப்புச் சுண்டெலி, இரவு பத்து மணிக்கு மேல், பெட்டியின் உள்ளேயே. முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

23ஆம் நாள்

எடை 109. இந்த முறை ஒரே ஒரு மாற்றம்: வாசனை. உயிர்ச் சுண்டெலி வைத்திருக்கும் கடையில் ஒரு கைப்பிடி பழைய மரத்தூள் படுக்கை வாங்கி, ஐஸ் விட்ட எலியை அதோடு ஒரு பையில் போட்டு அரை மணி வைத்துச் சூடாக்கினார்கள். நிறமும் நேரமும் ஒன்றாக மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றித் தின்றுவிட்டால் எதனால் தின்றது என்று தெரியாது, பிறகு தேவையில்லாத ஐந்து சடங்குகளை ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருக்க நேரும்.

பிடிக்கும் விதத்தையும் திருத்திக்கொண்டார்கள். இடுக்கி எலியின் பிடரியைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடிக்க வேண்டும். பிடரியைப் பிடித்தால் பாம்பு பாயும்போது இரும்பைக் கடித்துப் பல் போகும். எலி தரையோடு, பக்கவாட்டில், பாம்பின் முகத்திலிருந்து ஏழெட்டு செ.மீ. தள்ளி, குறுக்காக நகர வேண்டும். அரை அங்குலம் நகர்த்து, நிறுத்து. மறுபடி அரை அங்குலம், பாம்பை விட்டு விலகி. எந்த எலியும் பாம்பின் வாயை நோக்கி ஓடி வராது.

நாக்கின் வேகம் குறைந்தது. தலை எலி போன பக்கமெல்லாம் ஊசி காந்தத்தைத் தொடர்வதுபோலத் திரும்பியது. கழுத்து மெல்லப் பின்னால் இழுத்து வளைந்து நின்றது. இந்த இடத்தில் பலர் ஆர்வத்தில் எலியைக் குலுக்கிக் காரியத்தைக் கெடுப்பார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், ஒரு நிமிடமானாலும். பாய்ந்தது, கவ்வியது. ஆனால் இடுக்கி விடாமல் இறுகப் பிடித்திருந்ததால், இழுபட்டதும் பயந்து உதறிவிட்டது.

கவ்விய நொடியே இடுக்கியைத் தளர்த்த வேண்டும். எலி உயிரோடு திமிறுவது போல, ரோமத்தை மட்டும் பிடித்து ஓரிரு முறை மெல்ல இழுத்தால் பிடி இறுகிச் சுற்றிக்கொள்ளும். பிறகு இருட்டில் அசையாமல் இருக்க வேண்டும், செல்போன் வெளிச்சம்கூடக் கூடாது. பத்து நிமிடம் சுற்றியபடியே கிடந்துவிட்டுப் பிடியைத் தளர்த்தி, வாயிலிருந்து விட்டு, நாக்கால் துழாவும். "விட்டுவிட்டதே" என்று எடுத்துவிடாதீர்கள், தலை எங்கே என்று தேடுகிறது.

உதறிய எலியை மறுபடி ஹேர் டிரையரில் காட்டி அட்டையின் மேல் வைத்துப் பெட்டியை மூடினார்கள். காலையில் அட்டை மட்டும் இருந்தது.

அதற்குப் பின்

48 மணி நேரம் யாரும் தொடவில்லை. 30ஆம் நாள் 11 கிராம், அதே மரத்தூள் வாசனை, இந்த முறை இடுக்கியிலிருந்தே கவ்விச் சுற்றியது. 37ஆம் நாள் வயிறு இளஞ்சிவப்பு, கண்ணில் பால் படர்ந்திருந்தது. சட்டை உரிக்கப் போகிறது. சில பாம்புகள் அப்போதும் தின்னும். புதிதாகப் பழகும் குட்டியிடம் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை, ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றி விட்டுவிட்டார்கள். 46ஆம் நாள் ஒரே துண்டாக உரித்தது. 48ஆம் நாள் 12 கிராம், மரத்தூள் பாதி நேரம்தான். 55ஆம் நாள் 13 கிராம், மரத்தூள் இல்லாமல். 62ஆம் நாள் மாலை, கழிவு போட்ட பிறகு, அடுத்த இரைக்கு முன் நிறுத்த எடை: 124 கிராம். எப்போதும் இப்படி வெறும் வயிற்றில்தான் நிறுக்க வேண்டும், தின்ற மறுநாள் வரும் எடை எலியின் எடை.

23ஆம் நாளும் தோற்றிருந்தால்

படிகளுக்கு ஒரு வரிசை உண்டு, ஒவ்வொரு படிக்கும் நடுவே ஐந்து முதல் ஏழு நாள்.

அடுத்து பழுப்பு எலி, இரவு பத்து மணி. அதற்கடுத்து, அப்போதுதான் கொல்லப்பட்ட எலி: உடல் சூடும் வாசனையும் அப்படியே இருக்கும், அசைவு மட்டும் இருக்காது. உயிர் எலிக்கும் ஐஸ் எலிக்கும் நடுவே இதைவிட நல்ல பாலம் இல்லை. வலியில்லாமல் கொல்லும் முறை தெரிந்த கடையில் வாங்க வேண்டும், வீட்டில் சுவரில் அடித்துப் பழகக் கூடாது. அதுவும் நடக்காவிட்டால், ஐஸ் விட்ட எலியின் மண்டையில் ஊசியால் குத்தி மூளைத் திரவம் மூக்கின் மேல் கசியும்படி செய்யலாம். பார்க்க அருவருப்புதான், ஆனால் பலமுறை இதுவே கதவைத் திறக்கும். கோழிக்குஞ்சின் தூவியை எலியின் முகத்தில் ஒட்டுவதும், உப்பில்லாமல் கோழி வேகவைத்த நீரில் தலையை நனைப்பதும் பறவை தின்னும் குட்டிப் பருவத்தை நினைத்தால் அர்த்தமுள்ளவையே.

இன்னொரு வழி அடைப்பு. அரை லிட்டர் டப்பாவில் ஊசித் துளைகள் போட்டு, குட்டியையும் சூடான எலியையும் கொஞ்சம் காகிதச் சுருளோடு உள்ளே வைத்து, 28 டிகிரி உள்ள இருட்டில் இரவு முழுக்க விடுவது. சின்னக் குட்டிகளிடம் நன்றாக வேலை செய்யும். ஹீட் மேட்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள், டப்பாவுக்குள் விலகிப் போக இடமில்லை, வெந்துவிடும்.

ஜெர்பில் என்னும் பாலைநில எலியையோ மஸ்டோமிஸ் என்னும் ஆப்பிரிக்க எலி வகையையோ கொடுத்தால் பெரும்பாலும் உடனே பாயும். கடைசிக்கு முந்தின படியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ருசியில் ஒட்டிக்கொண்டால் பல வருடம் அந்த விலைக்கு, கிடைத்தால், வாங்க வேண்டியிருக்கும். அவற்றின் படுக்கைத் தூளை மட்டும் வாசனைக்கு எடுத்துக்கொள்வது மலிவான வழி.

கடைசிப் படி உதவி ஊட்டல், எடைக் கோட்டை நெருங்கிய குட்டிக்கு மட்டும், முதல் முறை மருத்துவர் முன்னிலையில். இரண்டு மூன்று கிராம் ரோமமற்ற சுண்டெலிக் குட்டியின் மூக்கை நனைத்து, பாம்பின் உதட்டு முனையில் மெல்ல நுழைத்து, உள்நோக்கி வளைந்த பற்களில் மாட்டியதும் வாயை மூடிவிட்டுப் பாம்பைக் கீழே வைத்து உறைந்து நிற்பது. தொண்டைக்குள் தள்ளுவது வேறு, அது இந்த முறையல்ல. இரண்டு முறை துப்பினால் அன்றைக்கு முடிந்தது. எந்தப் படியிலும் தின்றதைக் கக்கினால் பத்து முதல் பதினான்கு நாள் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு முந்தினதில் பாதி அளவு.

'ஸ்பைடர்' என்ற நிறவகைக் குட்டியானால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மரபணுவோடு தலை ஆடும் கோளாறு சேர்ந்தே வரும், பாய்ந்தாலும் குறி தவறும். அது மறுப்பு அல்ல. எலியை அசைக்காமல் தரையில் வைத்துக் கொடுத்தால் போதும்.

124 கிராமுக்கு இனி 12 முதல் 18 கிராம் வரை, ஏழு நாளுக்கொரு முறை. சுண்டெலியிலிருந்து பெரிய எலி இனத்தின் குட்டிக்கு மாற்ற இதுவே நல்ல நேரம், 14 கிராம் பெரிய எலிக்குட்டி இதற்குச் சரியாக இருக்கும். வளர்ந்த பிறகு ஒரு வேளைக்கு மூன்று நான்கு சுண்டெலி ஐஸ் விட வைப்பதைவிட ஒரே பெரிய எலி எளிது. முதல் இரண்டு வாரம் சுண்டெலிப் படுக்கைத் தூளில் புரட்டிக் கொடுத்து, மூன்றாம் வாரம் தூளை நிறுத்தலாம். மூடியில் ஒட்டிய சீட்டில் 106ஐ அடித்துவிட்டு 112 என்று எழுதியாயிற்று.